கேள்வி–பதில்: இயற்பியல் மேற்படிப்புக்கு எந்தக் கணிதம்?

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறேன். கோட்பாட்டு இயற்பியலில் பிஎச்.டி. வரை போக ஆசை. கணிதத் துறையில் இரண்டு தாள் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். லீனியர் அல்ஜீப்ரா, காம்ப்ளக்ஸ் அனாலிசிஸ், ரியல் அனாலிசிஸ், அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா, டோபாலஜி... எதை எடுப்பது?
– வாசகி, திருச்சி

பதில்: முதல் இரண்டையும், அதாவது லீனியர் அல்ஜீப்ராவையும் காம்ப்ளக்ஸ் அனாலிசிஸையும் எடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

'அணிகளைத்தான் பள்ளியிலேயே போட்டாயிற்றே' என்று லீனியர் அல்ஜீப்ராவைத் தள்ளிவிடுகிறவர்கள் அதிகம். பள்ளியில் படித்தது கணக்குப் போடும் முறை மட்டும்தான். ஒரு சோதனை: மேல் வரிசை 1, 1; கீழ் வரிசை 0, 1. இந்த அணியை மூலைவிட்ட அணியாக்க (மூலைவிட்டத்தில் மட்டும் எண்கள் நிற்கும்படி மாற்ற) முடியுமா? முடியாது. ஐகன் மதிப்பு 1 இரண்டு முறை வரும், ஐகன் வெக்டரோ (அணியால் பெருக்கினாலும் திசைக்கோடு மாறாத வெக்டர்) ஒரே திசையில்தான் கிடைக்கும். ஹெர்மிஷியன் அணிக்கு (வரிசைகளை நிரல்களாக்கி இணை எண் எடுத்தாலும் மாறாத அணிக்கு) இந்தச் சிக்கலே வராது. ஏன் வராது என்று உங்களால் சொல்ல முடியவில்லையா? அப்படியானால் இந்தத் தாள் உங்களுக்குத்தான். குவாண்டம் மெக்கானிக்ஸில் ஒரே ஆற்றலில் இரண்டு நிலைகள் இருக்கும்போது பெர்டர்பேஷன் (சிறு மாற்றத்தின் விளைவைக் கணக்கிடும்) சூத்திரத்தில் எண்களை அப்படியே போட்டால், பின்னத்தின் கீழே பூஜ்யம் வந்து நிற்கும். முதலில் அந்த இரண்டு நிலைகளுக்குள் மட்டும் அந்தச் சிறு மாற்றத்தின் அணியை மூலைவிட்டமாக்க வேண்டும் என்பது அப்போது தோன்ற வேண்டும்.

காம்ப்ளக்ஸ் அனாலிசிஸில் காண்டூர் தொகையிடல்தான் (சிக்கலெண் தளத்தில் ஒரு பாதை வழியே தொகையிடுவதுதான்) சாரம். காஸ் எக்ஸ் என்பதை எக்ஸ் வர்க்கம் கூட்டல் 1-ஆல் வகுத்து, மைனஸ் முடிவிலி முதல் பிளஸ் முடிவிலி வரை தொகையிடச் சொன்னால், பலர் காஸ் இசட்டை அப்படியே வைத்து மேல் அரைவட்டத்தை மூடிவிடுவார்கள். விடை 4.85 என்று வரும். அது தவறு. காஸ் இசட்டுக்குள் ஒளிந்திருக்கும் 'இ-யின் அடுக்கு மைனஸ் ஐ இசட்' மேல் பாதியில் ஏறிக்கொண்டே போகும். அரைவட்டத்தின் பங்கு பூஜ்யமாகாது. 'இ-யின் அடுக்கு ஐ இசட்' என்று வைத்துத் தொகையிட்டு மெய்ப்பகுதியை எடுத்தால் சரியான விடை வரும்: பை-யை இ-யால் வகுத்தது, சுமார் 1.16. சரிபார்க்க ஒரு வழி: காஸ் இல்லாமல் இதே தொகை பை, அதாவது 3.14. காஸின் அளவு 1-ஐத் தாண்டாது. ஆகவே 4.85 வரவே முடியாது. கிரீன் சார்பு, சிதறல் என்று போகும்போது தினமும் இதைத்தான் செய்யப் போகிறீர்கள்.

எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வு இந்த அளவுக்கு எதிர்பார்ப்பதில்லை. ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சிஎஸ்ஐஆர் நெட் பாடத்திட்டத்திலோ ரெசிட்யூ (காண்டூர் தொகையிடலில் பயன்படுவது), கிரீன் சார்பு, எஸ்யு(2) என்ற குலம் (குரூப்) எல்லாம் இருக்கின்றன.

அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ராவில் குலங்கள் வரும் பகுதி பயன்படும். வளையம், களம், கால்வா கோட்பாடு என்று பாதித் தாள் வேறு பக்கம் போய்விடும். இயற்பியலுக்கு வேண்டியது குலங்களின் பிரதிநிதித்துவம்: ஸ்பின் ½ உள்ள இரண்டு துகள்களைச் சேர்த்தால் 4 நிலைகள் 3-உம் 1-உமாகப் பிரிவது எப்படி என்பது போன்றவை. அது பெரும்பாலும் எம்.எஸ்சி. இயற்பியலிலேயே வரும். ரியல் அனாலிசிஸும் டோபாலஜியும் கணித இயற்பியலுக்குப் போகிறவர்களுக்கு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டுத் தாளும் இருக்கிறது. பெயரைப் பார்த்தால் இயற்பியல் போலத்தான் தெரிகிறது. எடுக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: பெயரை நம்பாதீர்கள். பழைய வினாத்தாள்களை வாங்கிப் பாருங்கள். மாறிகளைப் பிரித்தல், லெஜாண்டர், பெஸல், ஃபூரியே என்று கேட்டிருந்தால் எடுக்கலாம். 'தீர்வு உண்டு, ஒன்றே ஒன்றுதான் என நிறுவுக' என்ற வகையே நிறைந்திருந்தால் அது கணித மாணவர்களுக்கான தாள். நல்ல தாள்தான், ஆனால் உங்கள் அவசரத்துக்கு உதவாது.

கேள்வி: பொதுச் சார்பியல் படிக்க டிஃபரென்ஷியல் ஜியோமெட்ரி (வளைந்த பரப்புகளின் வடிவியல்) கட்டாயமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: தனித் தாள் கட்டாயமில்லை. கோளத்தின் மேற்பரப்பை எடுத்துக்கொண்டு, கிறிஸ்டாஃபல் குறியீடுகளை (ஆயத்திசைகள் இடத்துக்கு இடம் மாறுவதைச் சொல்பவை) கையால் போடுங்கள். பூஜ்யமல்லாதவை இரண்டு வகைதான்: மைனஸ் சைன் தீட்டா காஸ் தீட்டா, காட் தீட்டா. வளைவை ஒரே எண்ணாகச் சொல்லும் ரிச்சி ஸ்கேலர், 2-ஐ ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்ததாக வர வேண்டும். பாதியாக வந்தால், ரிச்சி டென்சரின் இரண்டு மூலைவிட்ட உறுப்புகளில் ஒன்றைக் கூட்ட மறந்திருப்பீர்கள், அங்கே தேடுங்கள்.