சமையல் மேடைக்குக் கறுப்பு கிரானைட்: பாலிஷா, மேட்டா, லெதரா, எதைப் போடலாம்?

கோயம்புத்தூரில் வீடு கட்டுகிறோம், சமையல் மேடைக்குக் கறுப்பு கிரானைட் என்பது முடிவாகிவிட்டது, பளபள பாலிஷா, மேட்டா, இப்போது எல்லாரும் சொல்கிற லெதர் ஃபினிஷா என்பதுதான் குழப்பம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் போக மனசு வரவில்லை. இந்த ஒரு மேடைக்காக நான் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல.

நான் கல் வியாபாரம் செய்பவள் இல்லை. தினமும் இரண்டு வேளை அந்த மேடையில் நின்று சமைப்பவள், அவ்வளவுதான். ஆனால் ஒன்று உறுதியாகச் சொல்வேன். உங்கள் வீட்டுச் சிங்க் குழாயில் வரப்போவது என்ன தண்ணீர் என்று முதலில் பாருங்கள். அதற்கப்புறம் கல்கடைக்குப் போங்கள்.

நாங்கள் 2019-ல் அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வீடு கட்டினோம். அதே வருடம் என் அண்ணன் கோயம்புத்தூர் வடவள்ளியில் கட்டினார். இரண்டு வீட்டுக்கும் சேர்த்தே கல் எடுத்துவிடலாம் என்று அண்ணன், நங்கையா (எங்கள் பக்கத்தில் அண்ணியை இப்படித்தான் கூப்பிடுவோம்), நான், எங்கள் வீட்டுக்காரர் நான்கு பேரும் ஓசூர் தாண்டி ஜிகனிக்குப் போனோம். ஊரே கல் அறுக்கிற ஊர். சாலையின் இரண்டு பக்கமும் சிலாப்கள் சாய்த்து நிறுத்தியிருக்கும். பொன் புள்ளி போட்ட கேலக்ஸி கல்லும் காட்டினார்கள், ஆந்திராவில் ஓங்கோல் பக்கம் சீமகுர்த்தியிலிருந்து வருவது. எங்களுக்குப் புள்ளி இல்லாத தனிக் கறுப்புத்தான் பிடித்தது. லெதர் ஃபினிஷ் போட்ட சிலாப் மேல் கையை வைத்ததும் நானும் நங்கையாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எருமைக் கன்றின் முதுகைத் தடவுகிற மாதிரி, மேடு பள்ளம் தெரிந்தும் தெரியாமலும், அப்படி ஒரு மெத்து. கைரேகை விழாது, கீறல் தெரியாது, தண்ணீர் சொட்டினாலும் தெரியாது என்றார் கடைக்காரர். பாலிஷ் கல்லைவிடச் சதுர அடிக்கு 60 ரூபாய் கூடுதல். ஒரே பாறையில் அறுத்து அடுத்தடுத்து எண் போட்ட சிலாப்களாகப் பார்த்து இரண்டு வீட்டுக்கும் எடுத்தோம். இது முக்கியம், பின்னால் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் பஞ்சாயத்துக் குடிநீர் எட்டு நாளைக்கோ பத்து நாளைக்கோ ஒருமுறை வரும். அதைப் பிடித்துக் குடிக்க வைத்துக்கொள்வோம். பாத்திரம் கழுவ, துடைக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான். எங்கள் போர் 940 அடி. வெந்நீர் வைக்கிற பாத்திரத்தின் உள்பக்கம் வெள்ளை ஏடு பிடித்து, தட்டினால் செதில் செதிலாக விழும். அந்தத் தண்ணீர்.

குடிபோய் மூன்றாவது மாதம் குழாயைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம். பாத்திரம் கவிழ்க்கிற இடத்தில் சின்னச் சின்ன வட்டங்கள். துடைத்தால் ஈரம் இருக்கும்வரை கறுப்பாக இருக்கும், காய்ந்ததும் மறுபடி வந்து நிற்கும். ஆறாவது மாதத்தில் சிங்க்குக்கு இரண்டு பக்கமும் விபூதியைக் குழைத்துத் தடவிய மாதிரி ஆகிவிட்டது. காலை ஏழு மணிக்குக் கிழக்கு ஜன்னல் வெயில் சாய்வாக விழும்போது குனிந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். மேடெல்லாம் கறுப்பு, பள்ளமெல்லாம் வெள்ளை. நகத்தால் சுரண்டினால் மேட்டில்தான் நகம் போகும். எலுமிச்சைத் தோல், பழைய பல் தேய்க்கிற பிரஷ், சோடா உப்பு என்று எல்லாம் பார்த்தேன். எலுமிச்சைக்குக் கொஞ்சம் கரைந்தது, ஒரு வாரத்தில் திரும்பவும் வந்தது.

வீட்டுக்கு வருகிறவர்கள் கல்லைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். அத்தை மட்டும் வாய்விட்டே கேட்டார். “ஏங்கண்ணு, கல்லைத் தொடைக்கிறதே இல்லையா?” நான் ராத்திரி பத்து மணிக்கு நின்று தேய்த்துக்கொண்டிருந்த கல் அது. அண்ணன் வீட்டுக்குப் போனால் அதே கல் ஜிகனியில் பார்த்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கும். நங்கையாவுக்கு இருக்கிற சுத்தம் எனக்கு இல்லையோ என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

அடுத்த தைப்பொங்கல் நோம்பிக்கு நங்கையா வந்து நான்கு நாள் இருந்தார். முதல் நாளே மேடையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு அவரே கழுவித் துடைத்தார். மூன்றாம் நாள் குழாய் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு, “இது உன்ற கை இல்ல அம்மிணி, தண்ணி” என்றார். அத்தோடு விடவில்லை. சிங்க்குக்காக வெட்டியெடுத்த துண்டைத் துளசி மாடத்துக்கு அடியில் வைத்திருந்தேன். அதை எடுத்துக் கழுவி, அவர் வீட்டுக் குழாயில் வருகிற, வண்டியில் கொண்டுவந்திருந்த சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் ஒரு கரண்டி இந்தப் பக்கம், எங்கள் போர் தண்ணீர் ஒரு கரண்டி அந்தப் பக்கம் ஊற்றித் திண்ணையில் வைத்தார். சாயங்காலம் பார்த்தால் சிறுவாணி ஊற்றிய இடம் எது என்று தேட வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் கோலப்பொடியில் வளையம் இழுத்த மாதிரி ஓரம் கட்டியிருந்தது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்தக் கேள்வியும் வரவில்லை.

விஷயம் இதுதான். உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்லும் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கரைந்திருக்கிறது. தண்ணீர் காய்ந்தால் அது வெள்ளையாகக் கல்லில் தங்கிவிடும். எந்தக் கல்லிலும் தங்கும், கறுப்பில்தான் தெரியும். பாலிஷ் கல் கண்ணாடி மாதிரி வழவழப்பு, அதனால் படிவு மேலே உட்கார்ந்திருக்கும். சவர பிளேடைப் படுக்கவைத்துத் தள்ளினால் ஏடாக உரிந்து வரும். படுக்கவைத்துத் தள்ளினால் கல்லைக் கீறாது. லெதர் ஃபினிஷ் அப்படி இல்லை. வைரத்தூள் பதித்த பிரஷ்களால் தேய்த்து, கல்லில் மென்மையான இடங்களைக் கொஞ்சம் அதிகமாக எடுத்துவிடுகிறார்கள். அப்படித்தான் அந்த மேடு பள்ளம் வருகிறது. பள்ளத்துக்குள் சுண்ணாம்பு இறங்கினால் பிளேடு எப்படிப் போகும்? தோசை மாவு சிந்திக் காய்ந்தாலும் இதே கதைதான்.

கோபத்தில் பாத்ரூம் ஆசிட்டை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். நான் ஒரு மூலையில் ஊற்றிப் பார்த்தேன். வெள்ளை போனது, கூடவே அந்த இடத்தின் கறுப்பும் போய் ஒரு பழுப்புத் திட்டு விழுந்துவிட்டது. இந்தக் கறுப்புக் கற்களில் இரும்புள்ள தாதுக்கள் இருக்கின்றன, ஆசிட் அதைத் தின்னும். அந்தத் திட்டு மேல் இன்றைக்கும் எண்ணெய்த் தூக்கை வைத்திருக்கிறேன்.

2022-ல் சிங்க் பக்கம் ஐந்தடியை மட்டும் போட்ட இடத்திலேயே பாலிஷ் அடித்தோம். வந்த பாலிஷ்காரர் கல்லைப் பற்றி நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் “வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?” என்றே கேட்டுக்கொண்டிருந்தார். மேடையின் உயரத்தையும் இப்படித்தான் கொத்தனார் அவருடைய இடுப்பை வைத்து முடிவு செய்தார். நான் ஐந்தடி உயரம். இட்லிப் பானையைத் தூக்கி வைக்க இன்றும் தோளைத் தூக்க வேண்டியிருக்கிறது. சமைக்கிறவளை நிற்கவைத்து முழங்கைக்குச் சற்றுக் கீழே அளந்தால் முடிகிற வேலை. உங்கள் வீட்டில் இதையாவது சொல்லிச் செய்யுங்கள்.

சரி, பாலிஷ் விஷயம். சொரசொரப்பான 50-ம் எண் பேடில் ஆரம்பித்து வழவழப்பான 3000 வரை ஒவ்வொன்றாக மாற்றித் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். இரண்டு நாள். கறுப்புச் சேறு டைல்ஸ் எல்லாம் தெறித்தது. தொழிற்சாலை பாலிஷ் அளவுக்கு வராது, லைட் வெளிச்சத்தில் லேசாக அலை தெரியும். இருந்தாலும் இப்போது ராத்திரி வேலை முடிந்ததும் ஒரு பருத்தித் துணியால் ஈரம் இல்லாமல் துடைத்துவிடுகிறேன், சனிக்கிழமை குழாய் ஓரத்தில் மட்டும் பிளேடு போடுகிறேன், மேடை கறுப்பாக இருக்கிறது. அடுப்புப் பக்கம் லெதரை அப்படியே விட்டுவிட்டேன். அங்கே தண்ணீர் புழக்கம் குறைவு. எண்ணெய்க் கை பட்டாலும், குக்கரை இழுத்து வைத்தாலும் ஒன்றும் தெரிவதில்லை. அந்தப் பக்கத்தை இன்றைக்கும் தடவிப் பார்க்கப் பிடிக்கும்.

அதனால் லெதர் மோசம் என்று நான் எழுதியதாகச் சொல்லிச் சண்டைக்கு வராதீர்கள். அதே பாறை, அதே ஃபினிஷ், வடவள்ளியில் இன்றும் நன்றாக இருக்கிறது. தண்ணீரிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுக்கிற சாஃப்ட்னர் கருவி வைத்திருக்கும் வீடுகளிலும் இந்தத் தொல்லை வராது. சாஃப்ட்னர் தண்ணீரும் காய்ந்தால் லேசாக உப்புப் பூக்கும், ஆனால் அது ஈரத்துணிக்கே போய்விடும். அதேபோல “பாலிஷ்தான் போட வேண்டும் என்றாயே, ஒவ்வொரு சொட்டும் தெரிகிறதே” என்றும் கேட்காதீர்கள். தெரியத்தான் செய்யும். தெரிகிற அழுக்கைத் துடைத்துவிடலாம் என்பதுதான் என் கட்சி.

மேட் ஃபினிஷ் என்பது பாலிஷை 400-ம் எண் அளவில் பாதியில் நிறுத்துவது. ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் கறுப்புக் கல் சாம்பல் நிறமாகத் தெரியும், அதே கல் நனைந்தால் கறுக்கும். பொள்ளாச்சியில் எங்கள் சித்தி வீட்டில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய்க் கையை ஊன்றினால் ஐந்து விரலும் பதிந்துவிடுகிறது. போடுவதானால் சீலர், அதாவது கல் எதையும் உறிஞ்சாமல் தடுக்கிற பூச்சு, அடிக்காமல் போடாதீர்கள். கல் சீலர் கேட்கிறதா என்று பார்க்க நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். துடைத்ததும் அந்த இடம் கறுத்திருந்தால் கல் தண்ணீர் குடிக்கிறது.

இன்னொன்று. நம் பக்கத்தில் கறுப்பாக இருக்கிற கல்லையெல்லாம் கடப்பா என்று சொல்லும் வழக்கம் உண்டு. கடப்பா வேறு, அது சுண்ணாம்புக் கல். புளிக்கரைசல், எலுமிச்சை, தயிர் எது பட்டாலும் அந்த இடம் மங்கிவிடும். எங்கள் அம்மா வீட்டு மேடை கடப்பாதான், ரசம் வைக்கிற இடம் எது என்று கல்லைப் பார்த்தே சொல்லலாம். அதில் எந்த ஃபினிஷ் போட்டாலும் இதே கதிதான். கிரானைட் என்று விற்பதிலும் சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றியது உண்டு. வெள்ளைத் துணியில் நெயில் பாலிஷ் எடுக்கிற அசிட்டோனை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஏறினால் வேண்டாம்.

தண்ணீரைச் சோதிக்கும்போது டிடிஎஸ் கருவியை மட்டும் நம்ப வேண்டாம். அது கரைந்த எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். கல்லுக்கு வேண்டியது கடினத்தன்மைக் கணக்கு, அதாவது இந்தச் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு என்பது. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை விடலாம் என்றிருக்கிறது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பார்த்துத் தருகிறார்கள். எங்கள் போர் 600-ஐத் தாண்டியது.

இந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்குக் கல்லைவிட வேறு ஒன்றுதான் வருத்தமாக இருந்தது. அத்திக்கடவு தண்ணீர் வரும் வரும் என்று எங்கள் அப்பாரு (தாத்தா) சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அப்பாவும் அதே பேச்சு. கடைசியில் 2024 ஆகஸ்டில்தான் பவானி உபரிநீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருகிற திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அறுபது வருடத்துக்கு மேல் கேட்ட தண்ணீர். அதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் 300 அடி, 600 அடி, 900 அடி என்று துளைத்துக்கொண்டே போனோம். எங்கள் பக்கத்துப் பெண்கள் பாத்திரத்திலும் தலைமுடியிலும் மேடையிலும் சுமந்தது அந்தத் தண்ணீரைத்தான். அதற்கும் ‘சுத்தம் போதாது’ என்று எங்களையே சொன்னார்கள்.

நீங்கள் கோயம்புத்தூர் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். சிறுவாணியோ பில்லூர் அணைத் தண்ணீரோ தினப்படிப் புழக்கத்துக்கே வருகிற பகுதியா, புறநகரில் போரை நம்பிய மனையா என்பதைச் சொல்லவில்லை. ஆற்றுத் தண்ணீர் என்றால் உங்களுக்குப் பிடித்ததைப் போடுங்கள், லெதர் தாராளமாகப் போடலாம். போர் என்றால் சிங்க் பக்கம் பாலிஷ், மனசு கேட்கவில்லையென்றால் அடுப்புப் பக்கம் மட்டும் லெதர். கடையில் அதே கல்லின் வெட்டுத் துண்டு ஒவ்வொரு ஃபினிஷிலும் ஒன்று கேட்டு வாங்கி, இப்போதே மனையில் இருக்கும் குழாயடியில் பத்து நாள் போட்டு வையுங்கள். பத்தாம் நாள் என்ன தெரிகிறது என்று இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன்.