இரண்டு தனிமைகள்

அன்புள்ள அக்கா,

வேலைக்காக வேறு நாட்டுக்குத் தனியாக வந்து ஐந்து மாதம் ஆகிறது. வயது 29. வீட்டில் யாருக்கும் விருப்பமில்லை, சண்டை போட்டுத்தான் கிளம்பி வந்தேன். வேலையில் குறை ஒன்றுமில்லை. விடுமுறை நாட்களைத்தான் தாங்க முடியவில்லை. போன வாரம் வெள்ளி மாலை அலுவலகத்திலிருந்து கிளம்பியவள், திங்கள் காலை வரை ஒரு ஆளிடமும் நேரில் பேசவில்லை. திங்களன்று வணக்கம் சொல்ல வாயைத் திறந்தால் தொண்டை கட்டியிருந்தது.

தினமும் இரவு அம்மாவோடு இரண்டு மணி நேரம் வீடியோவில் பேசுகிறேன். "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் அழுகிறேன். இவ்வளவு பேசியும் ஏன் தீர மாட்டேன் என்கிறது? திரும்பிவிடலாமா? திரும்பினால் "அப்பவே சொன்னோமே" என்பார்கள். நான் பலவீனமானவளா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

திங்கள்கிழமைத் தொண்டையைப் பற்றிய வரியை மூன்று முறை படித்தேன். எனக்கும் நடந்திருக்கிறது. முப்பது வயதில் இரண்டு ஆண்டுகள் வேறொரு நாட்டில் தனியாக வேலை பார்த்தேன். இரண்டு நாள் பேசாமல் கிடந்த குரல் மூன்றாம் நாள் வெளியே வரும்போது, வேறு யாரோ பேசுவதுபோல இருக்கும்.

நீங்கள் பலவீனமானவர் இல்லை. 1688இல் பாசல் நகரத்து மருத்துவ மாணவர் யோகான்னஸ் ஹோஃபர், வீட்டு நினைவால் உடல் கெடுவதை ஒரு நோயாகவே எழுதி, அதற்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தார். திரும்புதல், வலி என்ற இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துச் செய்த பெயர். வெளியூருக்குப் படிக்கப் போய்ப் படுக்கையில் விழுந்த ஒரு மாணவனின் கதை அதில் வருகிறது. அவனை வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்ததுமே, போய்ச் சேரும் முன்பே, அவன் தேறத் தொடங்கிவிட்டான். இந்த மாணவனைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பின்னால் அவனிடம் வருகிறேன்.

இவ்வளவு பேசியும் ஏன் தீரவில்லை என்று கேட்டீர்கள். ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இலேயே தனிமையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். நெருக்கமான ஓர் உயிர் பக்கத்தில் இல்லாதது ஒன்று. நம்மைத் தங்களில் ஒருவராக நினைக்கும் நாலு பேர் சுற்றிலும் இல்லாதது இன்னொன்று. ஒன்றின் இடத்தை மற்றதால் நிரப்ப முடியாது என்றார். அம்மா எத்தனை மணி நேரம் பேசினாலும், தெருவில் உங்களைப் பார்த்துத் தலையசைக்கும் ஆளாக அவரால் ஆக முடியாது. அதற்கு அந்த ஊரில்தான் ஆள் வேண்டும்.

ஆள் கிடைக்க நேரம் பிடிக்கும். ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர், புது இடத்துக்குக் குடிபெயர்ந்தவர்களையும் புதிதாகக் கல்லூரியில் சேர்ந்தவர்களையும் விசாரித்து 2018இல் ஒரு கணக்கு வெளியிட்டார். தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்புக்கு வரவே சுமார் 50 மணி நேரம் ஒன்றாகக் கழிக்க வேண்டியிருக்கிறது. நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல். சேர்ந்து வேலை பார்க்கும் நேரம் இதில் பெரிதாகச் சேர்வதில்லை. இந்த ஐந்து மாதத்தில் நீங்கள் திரை முன்னால் கழித்தது ஏறக்குறைய 300 மணி நேரம். அம்மாவிடம் பேசியது தவறு என்று சொல்ல வரவில்லை. தினமும் இரண்டு மணி என்பதை அரை மணியாக்கினால் வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கையில் வரும்.

அதை எங்கே செலவிடுவது? ஒரே இடம், ஒரே நேரம், அதே முகங்கள் என்று இருக்கும் எதுவும் சரிதான். நான் மாலை நேர மொழி வகுப்பில் சேர்ந்தேன். முதல் ஆறு வாரம் பாடத்தைத் தவிர யாரும் என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. காய்ச்சலில் ஒரு வாரம் போகவில்லை. அடுத்த வாரம் பக்கத்து நாற்காலிப் பெண், இலக்கணப் பிழையோடு, "போன வாரம் எங்கே போனாய்?" என்று கேட்டாள். நான் வராததை ஒருத்தி கவனித்திருக்கிறாள்! அன்று அறைக்கு நடந்தே திரும்பினேன், பேருந்தில் ஏற மனம் வரவில்லை.

'ஆறு மாதத்தில் தானாகச் சரியாகிவிடும்' என்று சொல்பவர்களை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்களை ஆராய்ந்து 1955இல் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் எழுதியதில், 6 முதல் 18 மாதம் வரை தங்கியவர்கள்தான் அதிகம் திணறியிருந்தார்கள். நியூசிலாந்து போன ஜப்பானிய மாணவர்களைப் பின்தொடர்ந்த 1998ஆம் ஆண்டு ஆய்விலோ, போய் இறங்கியபோதுதான் மனம் மிகவும் தளர்ந்திருந்தது. உங்கள் மனதுக்கு நாள்காட்டி கிடையாது.

என்னை அதிகம் உறுத்தியது "நல்லா இருக்கேம்மா"தான். முதல் தனிமையையாவது தீர்த்திருக்க வேண்டிய பேச்சு அது. அம்மா பேசிக்கொண்டிருப்பது நல்லா இருக்கும் ஒரு மகளோடு. அழுகிற மகளோடு அவர் இன்னும் பேசவே இல்லை. அவர் கவலைப்படுவார் என்று மறைக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அவரும் உங்கள் முகத்தை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்.

திரும்பலாமா? திரும்பலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இப்போது அந்த மாணவனிடம் வருவோம். திரும்ப வழி இருக்கிறது என்று தெரிந்ததே அவனை எழுப்பி உட்கார வைத்தது. ஆகவே முதலில் உங்கள் வழியைத் திறந்து வையுங்கள். பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்க வேண்டும். யார் கேட்டாலும் 'பத்திரமாக வைத்திருக்கிறோம்' என்று வாங்கிவைக்க விடாதீர்கள். அடையாள ஆவணங்களைப் பிடித்துவைப்பதைக் கட்டாய உழைப்பின் 11 அறிகுறிகளில் ஒன்றாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தை எடுத்து, வேலையை விட எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், விசா அந்த வேலையோடு கட்டப்பட்டதா, விட்டபின் எத்தனை நாள் தங்கலாம் என்று படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பும் டிக்கெட்டுக்கான பணத்தைத் தனியாக வைத்துவிட்டு, எதற்காகவும் தொடாதீர்கள். இவ்வளவும் செய்து முடித்த இரவுதான் நான் அந்த ஊரில் முதன்முறையாக நிம்மதியாகத் தூங்கினேன். அதன் பிறகு ஒன்றரை ஆண்டு இருந்தேன்.

இதையெல்லாம் செய்துவிட்டு நான்கு மாதம் கழித்து ஒரு தேதியைக் குறித்து, அன்றைக்கு முடிவெடுங்கள். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் இல்லை என்றால் அந்தத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள். 'அப்பவே சொன்னோமே' என்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்கள் யாரும் அந்த அறையில் வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை இருந்தவர்கள் இல்லை.

இன்றிரவு அம்மா கூப்பிடும்போது, எனக்கு எழுதிய அந்தத் தொண்டை கட்டிய கதையை அவரிடமும் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா