மின்சார வால்வு சான்றிதழுக்கு நகையை அடகு வைக்கலாமா?

காரைக்குடியிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: "மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஹைட்ராலிக் பயிற்சியும் எடுத்திருக்கிறான். ஆழ்கடல் எண்ணெய்க் கிணறுகளில் இனி மின்சார வால்வுதான், ஹைட்ராலிக் செல்லாது என்கிறார் தேவகோட்டை ஏஜென்ட். இரண்டு லட்சம் கட்டி அந்தச் சான்றிதழ் எடுத்தால் வளைகுடாவில் வேலை நிச்சயமாம். நகையை வைத்துக் கட்டலாமா?"

வேண்டாம் அம்மா, நகையை வைக்காதீர்கள்.

பாரசீக வளைகுடாவின் ஆழம் பெரும்பாலும் நூறு மீட்டருக்குள்தான். ஆழ்கடல் வேலை என்றால் பிரேசில், மேற்கு ஆப்பிரிக்கா, நம் கிருஷ்ணா கோதாவரிப் படுகை. இது தெரியாமல்தான் அந்த ஏஜென்ட் வளைகுடா என்கிறார்.

மின்சார வால்வு வருவது உண்மைதான். 2008-லேயே நெதர்லாந்து கடலில் கே5எஃப் என்ற எரிவாயு வயலில் வந்துவிட்டது. ஹைட்ராலிக் என்றால் குழாய் வழியே திரவ அழுத்தம் அனுப்பி வால்வை அசைப்பது; தூரம் கூடக் கூட வால்வு மெதுவாகத்தான் அசையும். மோட்டார் வைத்தால் அந்தத் தாமதம் இல்லை. மின்சாரம் போனால்? மோட்டார் அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் விரிந்து வால்வை மூடிவிடும்.

ஒரு வால்வு மட்டும் சுலபத்தில் மாறவில்லை. அது கிணற்றுக்குள்ளே, கடல் தரைக்கும் கீழே இருக்கும் பாதுகாப்பு வால்வு. மேலே எல்லாம் உடைந்தாலும் கிணற்றை அடைக்க வேண்டியது அதுதான். உள்ளே சூடும் அழுத்தமும் அதிகம். பழுதானால் எடுத்து மாற்ற பெரிய கப்பலோ, ரிக் எனும் துளையிடும் மேடையோ வர வேண்டும். கே5எஃப்-பிலேயே அந்த வால்வு மின்சாரத்துக்கு மாற 2016 ஆயிற்று. மற்ற பெரும்பாலான கிணறுகளில் இன்றும் ஹைட்ராலிக்தான். தம்பி படித்தது வீணில்லை.

அந்தச் சான்றிதழை யார் கேட்கிறார்கள்? வால்வு செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆட்களுக்குத் தாங்களே பயிற்சி தருகின்றன. கடல் வேலைக்குப் பொதுவாகக் கேட்பது ஓப்பிட்டோ என்ற எண்ணெய்த் துறைப் பயிற்சி அமைப்பு அங்கீகரித்த கடல் பாதுகாப்புப் பயிற்சியும் மருத்துவச் சான்றும். அதையும் வேலை உறுதியான பின் எடுப்பதே நல்லது.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் உரிமம் வைத்திருக்க வேண்டும். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதற்கு மேல் வாங்கக் கூடாது. அதனால்தான் "பயிற்சிக் கட்டணம்" என்று பெயர் மாற்றி லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். இந்த ஓட்டை எல்லோருக்கும் தெரியும். அதிகாரிகளோ எச்சரிக்கை அறிக்கை விடுவதோடு நின்றுவிடுகிறார்கள், ஊருக்கு ஊர் ஏஜென்ட் பலகை முளைக்கிறது. எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அந்த ஏஜென்ட்டிடம் உரிம எண்ணைக் கேளுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அந்த எண் இருக்கிறதா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், பாஸ்போர்ட்டையும் கையில் கொடுத்துவிடாதீர்கள்.