கேள்வி-பதில்: மலைநாட்டில் சந்தடியற்ற சைக்கிள் சாலைகள்

கேள்வி: வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தெரிந்த ஒரு மலைச்சாலையைத் தேர்ந்தெடுத்துப் போனேன். ஜல்லி ஏற்றிய லாரிகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. வண்டிகள் குறைவாக ஓடும் சாலையை முன்கூட்டியே அடையாளம் காண வழி உண்டா?

பதில்: வரைபடத்தில் கோட்டின் தடிமன் சாலையின் தரத்தைத்தான் காட்டுகிறது, அதில் எத்தனை வண்டிகள் ஓடுகின்றன என்பதைக் காட்டுவதில்லை. அதனால் கோட்டைப் பார்ப்பதற்கு முன் அதன் இரு முனைகளையும் பாருங்கள். அந்தச் சாலையில் போகிறவர் எதற்காகப் போகிறார், அவர் அங்கே போய்ச் சேர இதைவிட விரைவான வேறு வழி இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால், போக்குவரத்து எப்படி இருக்கும் என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். கல்குவாரி, மின்நிலையக் கட்டுமானம், மரம் வெட்டும் காடு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மறுமுனையில் இருந்தால், சாலை எவ்வளவு ஒடுங்கியதாக இருந்தாலும் கனரக வண்டிகள் வரத்தான் செய்யும். செயற்கைக்கோள் படத்தில் பச்சைக்கு நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு திட்டு தெரிந்தால் அது பெரும்பாலும் குவாரிதான்.

இரண்டு ஊர்களை இணைக்கும் புதிய நெடுஞ்சாலையோ சுரங்கப்பாதையோ வந்தபின் கைவிடப்படாமல் பராமரிக்கப்பட்டு வரும் பழைய கணவாய்ச் சாலைக்கு ஈடு இணை இல்லை என்பது என் கருத்து. சுவிட்சர்லாந்தின் கோத்தார்டு கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளமுள்ள சாலைச் சுரங்கம் அங்கே 1980ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கணவாய்க்கு ஏற அகலமான புதிய சாலை ஒன்றும் இருக்கிறது. அவசரக்காரர்கள் சுரங்கத்துக்குள்ளும் மற்றவர்கள் புதிய சாலையிலும் போய்விட, தெற்குச் சரிவில் கல் பாவிய கொண்டை ஊசி வளைவுகளோடு இறங்கும் பழைய திரெமோலா சாலை சைக்கிள்காரர்கள் தேடி வரும் இடமாகிவிட்டது. பனி விலகிய மாதங்களில் மட்டுமே அது திறந்திருக்கும். மலை உள்ள எந்த நாட்டிலும் இதே கதை சிறிய அளவில் நடந்திருக்கும். புதிய சுரங்கத்துக்கு மேலே மலையைச் சுற்றி வளைந்து போகும் கோட்டைத் தேடினால் போதும்.

அடுத்தபடியாக, ஒரு பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் போய் முடிந்துவிடும் முட்டுச்சாலைகளைச் சொல்வேன். வந்த வழியே திரும்ப வேண்டியிருக்கிறதே என்று பலர் இவற்றை ஒதுக்குகிறார்கள். அது சரியல்ல, ஏறும்போது பார்த்துவைத்த குழிகளும் மணல் படிந்த வளைவுகளும் இறங்கும்போது நினைவில் இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு! ஆனால் முட்டுச்சாலையின் முனையில் அருவியோ காட்சிமுனையோ இருக்கக் கூடாது. இருந்தால் வேலை நாளின் காலை நேரத்தில் போங்கள். குவாரிச் சாலைக்கு இதன் நேரெதிர். விடுமுறை நாளில் அது காலியாகக் கிடக்கும்.

கேள்வி: ஒரு மலையைச் சுற்றிவரும் வட்டப் பாதையில் ஒரு பக்கம் குறுகலான செங்குத்துச் சாலை, மறுபக்கம் அகலமான பெரிய சாலை. எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்குவது நல்லது?

பதில்: குறுகலான பக்கம் ஏறுங்கள், பெரிய சாலையில் இறங்குங்கள். ஏற்றம் எளிதாக இருக்கட்டும் என்று இதைத் தலைகீழாகச் செய்பவர்களே அதிகம் என்பதால் காரணத்தை ஒரு கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன்.

பெரிய சாலையின் நீளம் 10 கிலோமீட்டர் என்றும், ஒவ்வொரு திசையிலும் மணிக்கு 60 வண்டிகள் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். நீங்கள் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் உச்சியை அடைய 75 நிமிடம் ஆகும். அதற்குள் 63 வண்டிகள் உங்களை முந்திச் செல்லும். அதே சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் 15 நிமிடம்தான். உங்களை முந்துபவை வெறும் 3 வண்டிகள். சாலையும் மாறவில்லை, போக்குவரத்தும் மாறவில்லை. நீங்கள் போகும் திசை மட்டுமே மாறியிருக்கிறது. மேலும், மூச்சு வாங்க ஏறும்போது சைக்கிள் சற்றே இடமும் வலமுமாக அலையும். முதுகுக்குப் பின்னால் லாரி வராத சாலையில் அலைவதே நல்லது. இறங்கும்போதோ அகலமும் நல்ல தார்ப்பரப்பும் எதிரே நீண்ட பார்வையும் தேவைப்படுகின்றன; அவை பெரிய சாலையில்தான் கிடைக்கும்.

செங்குத்துப் பக்கத்தை ஏறவே முடியாது என்னும் நிலை இருந்தால் மட்டும் இந்த விதியை மீறலாம்.

கேள்வி: சராசரிச் சரிவு 5 விழுக்காடுதான் என்று படித்துவிட்டுப் போனேன், பாதி வழியில் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. தவறு எங்கே?

பதில்: சராசரியில்தான். 10 கிலோமீட்டரில் 500 மீட்டர் ஏறும் சாலைக்குச் சராசரி 5 விழுக்காடு. ஆனால் நடுவில் 3 கிலோமீட்டர் தூரத்துக்கு அது 100 மீட்டர் இறங்குகிறது என்றால், மீதி 7 கிலோமீட்டரில் நீங்கள் 600 மீட்டர் ஏறியாக வேண்டும். அது எட்டரை விழுக்காட்டுக்கும் மேல். மக்கள் நடமாட்டம் குறைந்த பழைய சாலைகள் ஓடைகளைக் கடக்க இறங்கி, மறுபடி ஏறிப் போவதால் அவற்றில் இந்த ஏமாற்றம் மிகுதி.

அச்சிட்ட வரைபடம் கிடைத்தால் சம உயரக் கோடுகளை எண்ணிப் பாருங்கள். ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலான வரைபடத்தில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர்; கோடுகளின் இடைவெளி 20 மீட்டராக இருந்து, சாலை 1 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு கோடுகளைக் கடக்கிறது என்றால் அங்கே சரிவு 8 விழுக்காடு. மூன்றைக் கடந்தால் 12. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டுவைத்துக்கொண்டால், பயணத்தின்போது அதற்கு முன்பாகவே நின்று இளைப்பாறிக்கொள்ளலாம்.

கேள்வி: வழியைத் திட்டமிடும் செயலி 1,400 மீட்டர் ஏற்றம் என்றது, போய்வந்தபின் சைக்கிளில் பொருத்திய கருவியில் 1,100 மீட்டர்தான் பதிவாகியிருந்தது. எதை நம்புவது?

பதில்: உங்கள் கருவியில், காற்றின் அழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் கணிக்கும் காற்றழுத்தமானி இருந்தால் அதையே நம்பலாம். செயலிகள் பல, வானிலிருந்து எடுத்த உயர அளவீடுகளைக் கட்டம் கட்டமாக வைத்துக்கொண்டு கணக்கிடுகின்றன. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்ணோடம் ஒன்று ரேடார் மூலம் திரட்டிய தரவு இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. மலையின் இடுப்பில் ஒட்டி ஓடும் சாலை அந்தக் கட்டங்களில் சில மீட்டர் விலகினாலே, ஒருமுறை மேலுள்ள பாறையின் உயரமும் மறுமுறை கீழுள்ள ஓடையின் உயரமும் எடுத்துக்கொள்ளப்பட்டு, இல்லாத ஏற்ற இறக்கங்கள் கூட்டப்பட்டுவிடும். சுரங்கப்பாதை இருந்தால் அதன் மேலுள்ள மலையையும் நீங்கள் ஏறியதாகவே எழுதிவிடும்!

கேள்வி: இத்தகைய சாலைகளுக்கு என்ன கியர் வேண்டும்?

பதில்: மிதிகட்டையோடு சுழலும் முன் பல்சக்கரத்தில் 34 பற்கள், பின் சக்கரத்தின் மிகப் பெரிய பல்சக்கரத்தில் 34 பற்கள். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஏறலாம். 10 விழுக்காட்டுச் சரிவிலும் இறங்க வேண்டியிராது. பின்னால் 28 பற்களே இருந்தால் அதே மிதிக்கு 9 கிலோமீட்டர் வேகம் போயாக வேண்டும். நம்மில் பலரால் அது முடியாது.

கேள்வி: நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தபடி வந்ததில் முன் டியூப் வெடித்துவிட்டது. வெயில்தான் காரணமா?

பதில்: வெயில் அல்ல, சக்கரத்தின் உலோக விளிம்பில் ஏறிய சூடு. விளிம்பைப் பிடிக்கும் பிரேக்கில் உராய்வின் வெப்பமெல்லாம் விளிம்புக்குப் போய், உள்ளிருக்கும் காற்று விரிந்து அழுத்தம் கூடுகிறது. லேசாக இடைவிடாது பிடிப்பதற்குப் பதில், வளைவுக்கு முன் இரண்டு பிரேக்குகளையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் விட்டுவிடுங்கள். விட்ட நொடிகளில் காற்று பட்டு விளிம்பு ஆறும். தட்டு (டிஸ்க்) பிரேக்குக்கும் இதே முறைதான். சூடு தெரிகிறது என்றால் சாலையோரம் நிறுத்திச் சில நிமிடம் ஆறவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: வண்டியே வராத சாலையில் தனியாகப் போவது ஆபத்தில்லையா?

பதில்: விபத்துக்கான வாய்ப்பு குறைகிறது, விபத்து நேர்ந்தால் உதவி வந்து சேரும் நேரம் கூடுகிறது. பள்ளத்தாக்கில் கைபேசிக்கு அலைவரிசை கிடைக்காமல் போகலாம் என்பதால், புறப்படும் முன் போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வழியை மாற்றுவதாக இருந்தால் அலைவரிசை உள்ள இடத்திலேயே தெரிவித்துவிட வேண்டும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கும்போது விரல்கள் விறைத்துப் பிரேக்கைப் பிடிக்க முடியாமல் போகும் என்பதால், காற்றுத் தடுக்கும் மெல்லிய மேலாடையும் கையுறையும் கோடையிலும் பையில் இருக்கட்டும். மலைகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கூடுகிறது. நண்பகலுக்குள் உச்சியைத் தாண்டிவிடும்படி புறப்படும் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.