ஷண்ட் வைத்த குழந்தைகள்: கேளுங்கள், சொல்கிறேன்

குழந்தைகளுக்கான மூளை அறுவை சிகிச்சைதான் என் வேலை. தலையில் நீர் கோர்த்து, அதை மூளையிலிருந்து வயிற்றுக்குள் வடியவிடும் ட்யூபான ஷண்ட் வைத்த பிள்ளைகளுக்கு அப்புறம் வரும் சிக்கல்களைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த வரிசையில் பதில்.

மகனுக்கு 3 வயது, 8 மாதத்தில் ஷண்ட் வைத்தது. நேற்றிலிருந்து வாந்தி, தூங்கிக்கொண்டே இருக்கிறான். வயிற்றுக் கோளாறு என்று சிரப் கொடுத்திருக்கிறார்கள். நாளை வரை பார்க்கலாமா? (ஈரோடு)

பார்க்க வேண்டாம் அம்மா. மூளை அறுவை மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்கு இப்போதே கிளம்புங்கள், பழைய சிடி ஸ்கேன் படங்களையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். மூளைநீர் ஊறிக்கொண்டே இருக்கும், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை லிட்டர். ட்யூப் அடைத்தால் போக வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறும். மூளைக்குள் இருக்கும் மேல்முனையில் திசு போய் அடைப்பதுதான் அதிகம், நீர் வடியும் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வும் அடைக்கலாம், பிள்ளை வளர வளரக் கழுத்துப் பக்கம் ட்யூப் இறுகி அறுந்தும் போகலாம். குழந்தைகளுக்கு வைக்கும் ஷண்ட்டில் பாதிக்குப் பாதி 2 ஆண்டுக்குள் ஏதோ ஒரு கோளாறால் மறுபடி அறுவைக்கு வருகிறது, அதனால் "நன்றாகத்தானே வேலை செய்தது" என்பதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கைக்குழந்தை என்றால் உச்சிக்குழி புடைக்கும், கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரியும்.

பழைய ஸ்கேன் எதற்கு? சில பிள்ளைகளுக்கு அடைத்திருந்தாலும் மூளைக்குள் நீர் தங்கும் அறை பெரிதாகாது. புதுப் படத்தை மட்டும் பார்த்தால் நார்மல் போலவே இருக்கும்.

ஷண்ட் வைத்து 2 மாதம். விட்டு விட்டுக் காய்ச்சல், ட்யூப் போகும் பாதை சிவந்திருக்கிறது. மாத்திரையில் சரியாகுமா?

ஆகாது. கிருமித்தொற்று பெரும்பாலும் முதல் 6 மாதத்துக்குள் வருவது, அதிகமும் தோலில் இருக்கும் கிருமிகள்தான். அவை ட்யூபின் மேல் படலமாக ஒட்டிக்கொள்வதால் மருந்து சரியாகப் போய்ச் சேராது. வழக்கமாக ஷண்டை எடுத்துவிட்டு, நீரைத் தற்காலிகமாக வெளியே வடியவிட்டு, ஊசி மருந்து போட்டு, நீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையில் கிருமி இல்லை என்று வந்த பிறகே புது ஷண்ட். இன்றே காட்டுங்கள்.

வசதியில்லாமல் உள்நாட்டு ஷண்ட் வைத்தோம், ஒரே வருடத்தில் அடைத்துவிட்டது. வெளிநாட்டு ஷண்ட் வைத்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா?

ஐயா, இந்தக் குற்ற உணர்ச்சியோடு எத்தனையோ அப்பாக்கள் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் தயாராகும் சாப்ரா ஷண்டையும் பல மடங்கு விலையுள்ள காட்மன்-ஹக்கிம் ஷண்டையும் உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 2005இல் முடிவு வந்தது. ஓராண்டு முடிவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அடைத்ததற்குக் காரணம் உங்கள் பணம் குறைவாக இருந்தது அல்ல.

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். உகாண்டாவை வைத்து நமக்கு முடிவு சொல்லலாமா? விலை அதிகமான ஆன்டிபயாடிக் ட்யூபில் தொற்று குறைவு என்று படித்தேனே.

அது உண்மைதான். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த பெரிய ஆய்வு, 2019இல் வெளியானது: சாதாரண ட்யூபில் 6 சதவீதம் தொற்று, ஆன்டிபயாடிக் ஊட்டிய ட்யூபில் சுமார் 2. கிடைத்தால் நானும் அதைத்தான் வைப்பேன். ஆனால் அவர் கேட்டது அடைப்பு, நீங்கள் சொல்வது தொற்று. இரண்டையும் கலந்தால் இப்படி ஒரு அப்பா தேவையில்லாமல் தன்னையே நொந்துகொள்கிறார்.

எண்டோஸ்கோப்பில் துளை போட்டால் ஷண்டே வேண்டாமே, அதை ஏன் மறைக்கிறீர்கள்?

மறைக்கவில்லை. மூளைக்குள் கேமராக் குழாய் விட்டு, தேங்கிய நீர் வேறு வழியில் போகத் துளை போடுவதுதான் அது, பொருத்தமான பிள்ளைக்குச் செய்கிறோம். நீர் போகும் பாதை அடைபட்ட, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு நல்ல பலன். 6 மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்குத் துளை மூடிப்போகும் வாய்ப்பு அதிகம். துளையும் அடைபடலாம், திடீரென்றும் அடைபடலாம். "ஷண்ட் இல்லை, இனிக் கவலை இல்லை" என்று ஸ்கேன்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

குலதெய்வக் கோயிலில் மொட்டை போடலாமா? காது குத்தலாமா?

புண் நன்றாக ஆறிய பிறகு இரண்டும் செய்யலாம். சவரக்கத்தி வேண்டாம், மெஷின் போதும், வால்வு இருக்கும் இடத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மொட்டை போட்டால் ட்யூப் நகருமா?

நகராது. மேலே பாருங்கள்.

தினமும் வால்வை அமுக்கிவிட்டால் அடைக்காது என்கிறார்களே?

அமுக்காதீர்கள். அமுக்குவதால் அடைப்பைத் தடுக்க முடியாது, நீர் தேவைக்கு மேல் வடியும் ஆபத்துதான் உண்டு. அளவுக்கு மீறி வடிந்தால் மூளையைச் சுற்றி ரத்தம் கசியக்கூடும்.

மலம் கழிக்கும்போது ட்யூப் முனை வெளியே வந்தது. கேட்கவே பயமாக இருக்கிறது.

கேட்டது நல்லது. அபூர்வம், ஆனால் நடப்பதுதான்: ட்யூப் குடலைத் துளைத்திருக்கிறது. இழுக்கவும் கூடாது, உள்ளே தள்ளவும் கூடாது. சுத்தமான துணியால் மூடி உடனே மருத்துவமனைக்குப் போங்கள், கிருமி மூளை வரை ஏறும்.

வாந்தி மட்டும்தான், காய்ச்சல் இல்லை. காத்திருக்கலாமா?

இதே கேள்வி நான்காவது முறை. காய்ச்சல் இல்லாததால் அடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. ஷண்ட் வைத்த பிள்ளை வாந்தி எடுத்தால் அது ஷண்ட் கோளாறு என்றே முதலில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

பேச்சு தாமதம், ஆட்டிசமா?

குழந்தை வளர்ச்சி நிபுணரிடம் காட்டுங்கள், அது என் துறை இல்லை.

ஈரோட்டிலிருந்து மறுபடியும். கிளம்பிவிட்டோம், பழைய சிடி ஸ்கேன் கையில் இருக்கிறது.

நல்லது அம்மா. வழியில் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள், போனதும் அறுவை தேவைப்படலாம். கடைசியாக என்ன, எத்தனை மணிக்குச் சாப்பிட்டான் என்று குறித்து வையுங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள். வழியில் எழுப்பியும் கண் திறக்கவில்லை என்றால் 108ஐக் கூப்பிடுங்கள்.