கேட்காத அறைக்கும் காசா?

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஐந்து இரவு வைத்தியசாலையில் இருந்தார். ஓஹிப் (ஒன்ராறியோ மாகாண அரசின் சுகாதாரக் காப்புறுதி) அட்டை சரியாகத்தான் இருக்கிறது. இப்போது இரண்டு கட்டில் அறைக்கென்று ஒரு பில், அம்புலன்சுக்கு 45 டொலர் என்று இன்னொன்று. இரண்டையும் கட்ட வேண்டுமா?"

அம்புலன்ஸ் பில்லைக் கட்டிவிடுங்கள். ஒன்ராறியோவில் அது நோயாளியின் பங்கு. அவசியமில்லாமல் கூப்பிட்டதாக வைத்தியர் எழுதியிருந்தால் 240 டொலர் வந்திருக்கும். அறை பில்லுக்குத்தான் அவசரப்பட வேண்டாம்.

மாகாணத்தின் சுகாதாரக் காப்புறுதிச் சட்டத்தின் கீழ் 552ஆம் இலக்க ஒழுங்குவிதி இருக்கிறது. வார்டுக் கட்டில், சாப்பாடு, தாதியர் பராமரிப்பு, எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, சத்திரசிகிச்சைக் கூடம், உள்ளே இருக்கும்வரை தரும் மருந்து எல்லாம் அதன்படி ஓஹிப்புக்குள் அடக்கம். இருவர் அறையும் தனி அறையும் மேலதிக வசதி. அதற்குக் காசு வாங்கலாம், ஆனால் நோயாளி தரப்பு அதைக் கேட்டிருக்க வேண்டும். வார்டில் இடமில்லாமல் அங்கே போட்டிருந்தால், அல்லது தொற்று மாதிரி மருத்துவக் காரணத்துக்காக வைத்திருந்தால், அறைக்காசு கேட்க முடியாது. மருத்துவத் தேவைக்காகத் தரும் அறையை 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டமும் காப்புறுதிக்குள்தான் வைத்திருக்கிறது.

எனவே அம்மா எந்த அறையில் படுத்தார் என்பதைவிட, யார் எதில் கையெழுத்து வைத்தார்கள் என்பதுதான் முக்கியம். அவசரப் பிரிவில் நடுச்சாமத்தில் ஒரு படிவத்தை நீட்டுவார்கள். "வேலையிடத்துக் காப்புறுதி இருக்கா?" என்று கேட்பார்கள், நாமும் ஓம் என்று தலையாட்டுவோம். வார்டு, செமி பிரைவேட் (இருவர் அறை), பிரைவேட் (தனி அறை) என்று மூன்று பெட்டி இருக்கும், நடுப்பெட்டியில் சரி விழுந்துவிடும். கீழே சின்ன எழுத்தில், காப்புறுதி நிறுவனம் தராவிட்டால் நானே கட்டுவேன் என்றும் இருக்கும். வலியில் முனகும் தாயை வைத்துக்கொண்டு அதை யார் வாசிக்கப் போகிறார்கள்?

முதலில் கணக்குப் பிரிவை அழைத்து, கையெழுத்திட்ட படிவத்தின் பிரதியைக் கேளுங்கள். படிவமே இல்லை, அல்லது வார்டு என்றுதான் குறித்திருக்கிறது என்றால், பில்லை நீக்கும்படி எழுத்தில் கேளுங்கள். அவர்கள் மறுத்தால் அதே வைத்தியசாலையின் நோயாளர் தொடர்பு அலுவலகம். அங்கும் சரிவராவிட்டால் மாகாணத்தின் நோயாளர் குறைகேள் அதிகாரி. முறைப்பாட்டுக்குக் கட்டணம் கிடையாது.

படிவத்தில் உங்கள் கையெழுத்தே இருந்தால், வாதாடுவதற்கு முன் வேலையிடக் காப்புறுதியைப் பாருங்கள். அம்மா உங்கள் திட்டத்தில் சேர்ந்தவரா என்பதையும் சேர்த்துத்தான்; பெரும்பாலான திட்டங்களில் துணையும் பிள்ளைகளும் மட்டுமே இருப்பார்கள்.