மூழ்கிய நெல் ஏன் சாய்ந்தது?

வணக்கம் ஐயா. மேலூர்ப் பக்கம் கண்மாய் நீர் புகுந்து பத்து நாள் மூழ்கிக் கிடந்த உங்கள் சிஆர் 1009 ரக நெற்பயிர் நெடுநெடுவென்று வளர்ந்து, நீர் வடிந்ததும் சாய்ந்து அழுகியதாகவும், பக்கத்து வயலில் இருந்த, அதே ரகத்தில் வெள்ளம் தாங்கும் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய சிஆர் 1009 சப்-1 தப்பியதாகவும் எழுதியிருந்தீர்கள். உரத்தையோ உழைப்பையோ நொந்துகொள்ளாதீர்கள். வேறுபாடு விதையில் இருக்கிறது.

நீருக்குள், பயிர் தானே உண்டாக்கும் எத்திலீன் என்னும் ஹார்மோன் வாயு எளிதில் வெளியேற முடியாமல் பயிருக்குள்ளேயே தேங்குகிறது. சாதாரண ரகத்தில் அது ஜிப்ரலின் என்னும் வளர்ச்சி ஹார்மோன் வழியாகத் தண்டையும் இலையையும் நீளச் செய்வதால், சேமித்த மாவுச்சத்து தீர்ந்துவிடுகிறது. சப்-1 ரகத்திலோ அதே எத்திலீன், சப்1ஏ என்னும் படியெடுத்தல் காரணியைத் தூண்டுகிறது. டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து, எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் புரதங்களையே இப்பெயரால் அழைக்கிறோம். சப்1ஏ, ஜிப்ரலினுக்குக் கட்டுப்போடும் எஸ்எல்ஆர்1 முதலான புரதங்களைப் பெருகச் செய்வதால், பயிர் நீளாமல் அடங்கியிருந்து, மாவுச்சத்தைச் சிக்கனமாகச் செலவிட்டு, ஏறத்தாழ இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கிறது. ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ நெல்லில் இருந்த இந்த சப்1ஏ மரபணு 2006-இல் அடையாளம் காணப்பட்டது நம் போன்றோருக்குப் பெரும் கொடை.

எஞ்சிய தூர்களில் ஒன்றைப் பிடுங்கி அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுத்த நிறத்தில் உறுதியாக இருந்தால் மீண்டுவிடும். புது இலை விட்ட பின்னரே யூரியா இடுங்கள். அடுத்த சம்பாவுக்குச் சப்-1 விதையே வாங்கலாம். ஆனால் மாதக்கணக்கில் அரையாள் உயரம் நீர் தேங்கும் பள்ளமான வயலுக்கு அது பொருந்தாது.